எண்ணெய் பத்தல

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

உங்கள் மோட்டார் சைக்கிள் இப்போது இருமுவதில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

காற்று இழுக்கிற அந்தப் பித்தளை வாயை ஏன்தான் மாட்டினீர்களோ! கார்புரேட்டருக்குக் காற்றுப் போகிற பழைய குழாய் ஒடுக்கமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்ததே. வண்டியோடு சேர்த்துப் பூட்டிய பக்கத்துப் பெட்டியில் அக்காவை உட்கார வைத்தால் இழுக்காது, காற்று நிறைய வேண்டும் என்று அகலமானதை மாட்டினீர்கள். "வர்ற ஞாயித்துக்கெழம ஒங்கக்காவக் கேலாங் தாண்டிக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்டா" என்றீர்கள். அன்று முதல் வண்டி இருமத் தொடங்கியது. அந்த வாரமே உங்களுக்குக் காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் அக்காவையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பேச்சுதான். "எண்ணெ பத்தல. கூட்டணும். கூட்டிட்டா எல்லாம் சரியாயிடும்." மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

அக்காவை நம் ஊர் நாகப்பட்டினத்துக்கே அனுப்பிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கப்பல் ஏறுமுன் நீங்கள் சொன்ன அந்தக் கடலை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். எண்ணெய் பத்தவில்லை என்றீர்களே, கைப்பம்பை அழுத்தி அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் கொடுத்தேன். வண்டி நீலப் புகையாகக் கக்கியது. சிராங்கூன் ரோடே மூக்கைப் பொத்திக்கொண்டது. ப்ளக்கைக் கழற்றினால் கரி, துடைத்து மாட்டினால் மறுபடியும் கரி.

அக்கா வாசலில் வந்து நிற்பாள். "இன்னிக்கு ஓடுமாடா?"

"ஓடும்க்கா."

ஓடவில்லை. அவள் ரிக்ஷாவில்தான் துறைமுகத்துக்குப் போனாள்.

அப்புறம் ஒருநாள் டோபி காட் பக்கம் காதர் நானா கடைக்குப் பெட்ரோல் வாங்கப் போனேன். "வா தம்பி, மச்சான் வண்டிக்கா? எண்ணெ எவ்வளவு வேணும்?" என்றார்.

"எண்ணெ இல்ல நானா, பெட்ரோல்."

"அதத்தான்யா சொல்றேன். மலாய்க்காரங்க பெட்ரோலயும் மிஞ்ஞாக்ங்கிறாங்க, அதனால இங்க நாமளும் எண்ணெங்கிறோம். நீ ஊருக்குப் புதுசு. ஒம்மச்சானும் அப்படித்தானே சொல்லுவாரு?"

பாவி மனுஷா, பெட்ரோல் என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? காற்றைக் கூட்டிவிட்டீர்கள், அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகவில்லை, அவ்வளவுதானே! பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட்டைப் பெரிதாக மாற்றியிருந்தால் தீர்ந்தது. நீங்கள் துணியில் முடிந்து வைத்திருந்த பித்தளைத் துண்டுகளை உதிரித் திருகுகள் என்றல்லவா நினைத்திருந்தேன், அத்தனையும் ஜெட்டுகள்!

துளை ரொம்பப் பெரியதை மாட்டினேன். கரும்புகை, மந்தம். நடுத்தரமானதை மாட்டினேன். தள்ளி ஏறியதும் பிடித்துக்கொண்டது. ரோச்சோர் வரை ஓட்டிப் போய் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால், வறுத்த காப்பிக்கொட்டை நிறம், காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் இருந்திருந்தால் என் முதுகில் ஓங்கித் தட்டியிருப்பீர்கள்.

காலிப் பெட்டியோடு கேலாங் தாண்டிப் போனேன். ஓரிடத்தில்கூட இருமவில்லை. தென்னந்தோப்பு முடிந்ததும் கடல் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். இவ்வளவு நன்றாக இப்போது ஓடி யாருக்கு என்ன?

நேற்று கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அக்கா சொல்லியனுப்பியதைச் சொன்னார். நீங்கள் கடைசியாகக் கேட்டது விளக்குக்கு எண்ணெய் என்றே அவள் நினைத்திருக்கிறாள். கப்பல் ஏறும்வரை இங்கே டேங்க் ரோடு கோயிலுக்கு அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரிலும் உங்கள் பெயரில் தினமும் ஒரு விளக்கு ஏற்றுகிறாளாம். "கடைசியா அவரு கேட்டது அது ஒண்ணுதான். அத நான் கொறயில்லாமச் செய்றேன்னு தம்பிகிட்டச் சொல்லுங்க" என்றாளாம்.

"நல்லதுங்க" என்று அவரிடம் சொன்னேன். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்?

ஜெட்டைப் பற்றி அவளிடம் மூச்சுவிட மாட்டேன் மச்சான். நீங்கள் கேட்டது பெட்ரோல் என்று என் வாயிலிருந்து ஒருநாளும் வராது, இது சத்தியம். அவள் விளக்குக்கே ஊற்றட்டும்.

உங்கள் எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றிய மச்சினன்,
சோமு