குழந்தையின் மணிக்கட்டில் ரேடியம்

இன்று காலை ஜன்னலைச் சாத்தியபோது ஒரு பல்லி நசுங்கப் பார்த்துத் தப்பியது. வால் மட்டும் கீழே விழுந்து துள்ளியது. வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தோடு வந்தாள். "தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "எந்தா அம்மா, பல்லி வாலல்லே?" என்றாள். நான் குனிந்து அந்த வாலை உற்றுப் பார்த்தேன். தோழி, நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒன்றும் கேட்காமலே புரிந்துகொண்டிருப்பாய். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த திருவனந்தபுரம். நாம் இருவரும் ஒரே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவிகள். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் இருந்தவள். நீ கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண், கல்யாணமான பிறகும் விடாமல் படித்தவள். கீழே என் விலங்கியல் ஆய்வுக்கூடம், மாடியில் உன் பௌதிக அறை. வானத்திலிருந்து விழும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவது உன் வேலை. அதற்காகக் கண்ணாடிக் குழாயும் பேட்டரியும் வைத்து நீயே ஒரு கருவி செய்திருந்தாய். கதிர் ஒன்று துளைத்துப் போனால் அது 'டிக்' என்னும். "நாம தூங்கறச்சேயும் நம்மளத் துளைச்சிண்டு போயிண்டேதான் இருக்கு, கேட்டியா" என்பாய். எனக்கு உடம்பு கூசும்.

எனக்கு வாய்த்தது பல்லி. அறுந்த வால் மறுபடி எப்படி முளைக்கிறது, வெட்டுவாயிலுள்ள செல்கள் இனித் தாங்கள் வாலாக வேண்டும் என்பதை எப்படி அறிகின்றன என்பது என் பேராசிரியரின் கேள்வி. ரேடியம் பட்டால் அந்த முளைப்பு நின்றுபோகிறதா என்று பார்க்க நினைத்தார். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைக்கும் ரேடியக் குழல் ஒன்றை ஈயப்பெட்டியில் இரவல் வாங்கி வந்தார். சின்னஞ்சிறியது, வெள்ளி போன்ற பளபளப்பு, ஒரு முனையில் நூல் கோக்கக் காது. ஒரு சனிக்கிழமை மாலை ஒரு பல்லியின் வாலோடு அதைப் பட்டுநூலால் தாமே கட்டி, பல்லியைத் தக்கைப் பலகையில் பிணைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை நான் போனபோது பலகை காலி. பல்லி வாலை உதிர்த்துவிட்டு ஓடியிருந்தது. வாலும் இல்லை, குழலும் இல்லை. தரை சுத்தமாகக் கூட்டியிருந்தது.

ஓட்டமாக உன் வீட்டுக்கு வந்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ அடுப்பிலிருந்த பாலைக்கூட இறக்காமல் கிளம்பினாய். உன் கருவியை மேசை மேசையாக, மூலை மூலையாகக் கொண்டுபோனோம். எப்போதாவது ஒரு 'டிக்', வானத்திலிருந்து வரும் வழக்கமான ஒன்று. குப்பைத் தொட்டியிலும் அவ்வளவுதான். தகவல் கேட்டு வந்த பேராசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. "வெளியே மூச்சு விடக் கூடாது" என்றார்.

"கூட்டினது யார் சார்?" என்று மட்டும் கேட்டாய்.

முத்தம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, செங்கல்சூளைப் பக்கம் குடிசையில் இருந்தவள். ஈயப்பெட்டி என் கையில், கருவி உன் கையில். வெயிலில் நடந்தோம். குடிசை வரிசைக்குள் திரும்பியதும் உன் கருவி மாறியது. டிக், டிக். பிறகு இடைவெளியே இல்லாமல், தகரத்தில் மழை பெய்வது போல. நீ நின்று என்னைப் பார்த்தாய். "இங்கதான்" என்றாய்.

முத்தம்மாளின் மகள் செல்லி வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நடக்கப் பழகி ரொம்ப நாள் ஆகாத குழந்தை. வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதில் தொங்கியதை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நீ கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போய், அந்தப் பிடியை விரல் விரலாக விரித்து, கயிற்றை அறுத்து, வெறுங்கையாலேயே குழலைக் கொண்டுவந்து நான் திறந்து பிடித்த பெட்டியில் போட்டாய். குழந்தை வீறிட்டது.

முத்தம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்ன டீச்சரம்மா? கீழ கெடந்துதுன்னுதான் எடுத்தேன். வெள்ளின்னு பிள்ளைக்குக் கெட்டுனேன். களவாங்கல்ல!"

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றாய். "அது வெள்ளி இல்ல. தொட்டுண்டே இருந்தா சூடு இல்லாமலே சுடும். குழந்தை கை பொங்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எம்பிள்ள பிழைக்குமா?"

நீ பொய் சொல்லவில்லை. "பிழைச்சுடும்னு நெனைக்கறேன். கை எப்படி ஆகும்னு தெரியல. நாங்க கூட இருப்போம்."

குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் நீ ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாய். பயத்தினால் என்று நினைத்துத் தலையைப் பிடித்தேன். "அதில்லடீ. ரெண்டு மாசமா குளிக்கல" என்றாய்.

உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மாசமா இருக்கேன்னு ஏன்ட்டி சொல்லல்ல? அத நான் எடுத்திருப்பேன்லா!"

"அந்தப் புள்ள கைல அது இருக்கறச்சே நின்னு பேச முடியுமோ?"

பேராசிரியர் அன்று மாலையும் வாயை மூடச் சொன்னார். "அந்தப் புள்ளைக்கு வைத்தியம் முடியற வரைக்கும் நான் மூட மாட்டேன் சார்" என்று நீ சொன்னதும் அவர் தலை குனிந்தது. டாக்டரிடம் முழுவதையும் அவரே போய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. கோழிமுட்டைக்குள் கரு உருவாவதைத் தினமும் பூதக்கண்ணாடியில் பார்ப்பவள் நான். இரண்டாம் மாதத்தில் கரு எந்த நிலையில் இருக்கும், கைகால் எப்படி மொட்டாகக் கிளம்பும், அப்போது ஒரு சிறு கேடு என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. நீயும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், உன் விரல்நுனிகள் சிவந்து தோல் உரிந்திருந்ததைக் காட்டி, "இவ்வளவுதான் பட்டுது, உள்ள வரைக்கும் போயிருக்காதில்லையா?" என்றாய். போயிருக்காது என்றேன். எனக்குத் தெரியாது.

செல்லியின் உள்ளங்கை கொப்புளித்தது, வெடித்தது, ஆற மறுத்தது. வாராவாரம் கட்டுப் பிரிக்கும்போது நாம் போய் நிற்போம். ரேடியம் பட்ட சதை முளைக்காது என்றால்? கூடத்தில் கேள்வியாக இருந்தது அங்கே குழந்தையின் கையாக இருந்தது. ஒரு நாள் புண்ணின் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் படர்ந்திருந்தது. டாக்டர் சிரித்தார். முத்தம்மாள் அழுதாள். நீ என் கையை வலிக்கப் பிடித்தாய். முழுவதும் ஆறியபோது உள்ளங்கை வழவழவென்று, ரேகை இல்லாமல் இருந்தது. இரண்டு விரல்கள் முழுக்க நிமிரவில்லை.

கன்னி மாசத்தில், அதாவது புரட்டாசியில், உனக்குப் பெண் பிறந்தது. நான் வந்ததும் துணியை விலக்கி, "நீயே பாரு. எனக்குப் பயமா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பார்த்தேன். கை, கால், முதுகு, அண்ணம், எல்லாம் முழுசு. "ஒரு கொறையும் இல்லட்டி" என்றேன். நீ நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாய்.

நீ காலப்போக்கில் பயத்தை விட்டுவிட்டாய். நான் விடவில்லை; ரேடியம் பட்டால் வருஷங்கள் கழித்தும் ரத்தப் புற்று வரலாம் என்று படித்திருந்தேன். உன் மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், உனக்கு அசதி என்றாலும், ரத்தம் சோதிக்கச் சொல்லி நச்சரிப்பேன். "நீ ஒருத்தி போறும், எமன் தனியா வரவேண்டாம்" என்று கேலி செய்வாய்.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டா சித்தி." எனக்கு அழுகை வரவில்லை. "ரத்தத்துல ஏதாச்சும் சொன்னாங்களா மக்களே?" என்றுதான் கேட்டேன். "இல்ல சித்தி, ஹார்ட்டுதான். வயசாச்சோல்லியோ" என்றாள். அதன் பிறகே உட்கார்ந்து அழுதேன்.

உன்னைப் பற்றிய பயத்தை அந்த ஒரு வார்த்தையில் உன் மகள் இறக்கிவைத்துவிட்டாள். செல்லியைப் பற்றி எனக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. முத்தம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனதும், நாம் விசாரித்த இடத்திலெல்லாம் கைவிரித்ததும் உனக்குத் தெரியும். அவள் கிழவியாகியிருப்பாள், இருந்தால். இன்றும் பஸ்ஸில் வயதான பெண் யாராவது கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினால், நான் முகத்தைப் பார்ப்பதில்லை. வலது உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன்.