நான் ஸ்போர்ட்டில்தான் வைத்தேன்

14 ஜூன் 2025, சனி

வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எனக்குப் பிடித்த மாதிரி வைத்தேன். ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோட். நாலாவது கஸ்டம், அதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். என்ஜின் ஸ்போர்ட். ஸ்டியரிங்கும் ஸ்போர்ட் — கொஞ்சம் கனமாக இருந்தால்தான் கைக்குத் தைரியம். ஏசி மட்டும் நார்மல், எனக்குக் குளிர் ஆகாது. அணைத்துப் போட்டாலும் வண்டி இதை மறக்காது என்று ஷோரூமில் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ஜெரால்டுக்கு முகமே சரியில்லை. "நீ கம்பெனிக்குப் போறியா, ரேஸுக்குப் போறியா? ஈக்கோல போட்டுக்கினு போயேன்" என்றார். ஈக்கோவில் மிதித்தால் வண்டி யோசித்து யோசித்து நகர்கிறது. புதுவாயலில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஹைவேயில் ஏறும்போது பின்னால் கண்டெய்னர் லாரி வரும். அது நமக்காக யோசிக்குமா? சொன்னேன். அதோடு விட்டுவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் தங்கமான மனுஷன், இழுத்துக்கொண்டே போக மாட்டார்.

23 ஜூன், திங்கள்

காலையில் பார்த்தால் ஈக்கோவில் இருக்கிறது. நான் மாற்றவே இல்லையே? ஜெரால்டைக் கேட்டேன். "உன் கை பட்டிருக்கும்." இருக்கும்.

26 ஜூன், வியாழன்

மறுபடியும் ஈக்கோ.

5 ஜூலை, சனி

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அவசரத்தில் திரையைப் பார்க்கவில்லை. ஹைவேயில் ஏற மிதித்தேன், வண்டி வரவில்லை. பின்னால் டிரெய்லர் ஹாரனை அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. பக்கத்தில் தர்ஷினி — என் செக்‌ஷன்தான், தினமும் என்னோடு வருகிறவள் — கத்தியே விட்டாள். "இன்னாக்கா, இழுக்கவே மாட்டேங்குது?" பார்த்தால் ஈக்கோ. ராத்திரி நான் ஸ்போர்ட்டில்தான் வைத்தேன். வைத்தேனா?

மாலையில் ஷோரூமுக்கே கொண்டுபோனேன். வண்டியில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியென்றால் குறை எங்கே இருக்கிறது?

11 ஜூலை, வெள்ளி

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்பாள், எரிந்துகொண்டிருக்கும். கடைசியில் மீஞ்சூர் வீட்டில் என்னையே பார்த்து, "நீ யாரு ஊட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். எனக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது.

இன்று ஜெரால்டிடம் சொல்லி அழுதுவிட்டேன். எனக்கு வந்துவிட்டது, அம்மாவுடையது எனக்கு வந்துவிட்டது என்று. தலையைத் தடவிக்கொடுத்தார். "அப்டிலாம் ஒண்ணும் இருக்காது. வோணும்னா டாக்டராண்ட காட்டிடலாம்." இவர் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்?

19 ஜூலை, சனி

சென்னையில் நரம்பு டாக்டர். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். ஜெரால்ட் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லையாம். கூட இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் ஜெரால்டிடம் சொன்னார். இவரும் தலையாட்டினார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஜெரால்டைப் புது கிரேன் பயிற்சிக்காகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். போய் ஆறு நாள். ஆறு நாளும் மோட் மாறவில்லை.

கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, அது யார் ஷிப்டில் வருகிறது, யார் லீவு போட்டால் நிற்கிறது என்பதைத்தான். இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது. சீ. ஜெரால்டா?

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்று வந்தான். வழக்கம்போல ராத்திரி கேட்டைப் பூட்டப் போனான். காலையில் ஈக்கோ.

கத்தவில்லை. தோசையை வைத்துவிட்டு, "நீங்கதான் மாத்துனீங்களா?" என்று கேட்டேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆமா. சொன்னா நீ கேக்கப் போறியா? எங்கியாவது கொண்டுபோய் இடிச்சுக்கினு நிப்ப. உன் நல்லதுக்குத்தான்."

"அப்ப கேட்டப்ப ஏன் கை பட்டிருக்கும்னு சொன்ன?"

"சண்ட வேணாம்னுதான்."

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அழுதேனே. அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த? ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தியே, கையப் புடிச்சிக்கினு குந்தினு இருந்தியே!"

"டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாரே, ஜெபா. வுடேன்."

வுடணுமாம். எதை வுடுறது? பயந்து பயந்து செத்தேனே, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி எங்கே என்று அழுதேனே — எல்லாம் இவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "நான்தான் மாத்துனேன்" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை இவன் வாயில். அன்றைக்கு டிரெய்லர் உரசப் பார்த்ததைச் சொன்ன பிறகும் மாற்றியிருக்கிறான்! என் நல்லதுக்காம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

தலையைத் தடவிக்கொடுத்தானே, பாவி.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியில் மன்னிப்புக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். வண்டியின் இரண்டு சாவியும் இப்போது என் பையில். வண்டி நான் வைத்த கஸ்டம் மோடிலேயே இருக்கிறது, மிதித்தால் பாய்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? தினமும் வண்டியில் ஏறியதும் முதலில் திரையைத்தான் பார்க்கிறேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து தெரு வரை ஓடியிருக்கிறது. எதிர்வீட்டு மோகன்ராஜ் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. மோட்டாரை நான் அணைத்துவிட்டேன். சுவிட்சை அழுத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சத்தியமா நான் தொடல, ஜெபா. நீதான் மறந்துட்ட" என்றார் ஜெரால்ட்.

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை. இது உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் எனக்கு ஆரம்பித்துவிட்டதா? இந்த வீட்டில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை.

சாயங்காலம் தர்ஷினிக்குப் போன் போட்டேன். என்னிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் மறைக்காமல் சொல்லு, நீ சொன்னால் நம்புவேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சரிக்கா என்றாள். ஜெரால்டோடு பதினேழு வருடம். இவளோடு பழகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.