இரண்டு ஃபேனும் என் தீர்ப்பும்

மார்ச் 3

பேத்தி கடையில் உதிரிச் சாமான் வாங்கி, கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பூட்டுகிறாள். எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்களுக்குக் கடையிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். வயிற்றெரிச்சல், வேறென்ன.

மார்ச் 5

ஒரு பொம்மைப்படக் கம்பெனி இவளிடம் மாதிரிப் படம் கேட்டிருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் போட்டு இருபதாம் தேதிக்குள் அனுப்பி, பிடித்துவிட்டால் வேலை. இல்லையென்றால் அவள் அப்பா ஆபீசில் பில் போடப் போக வேண்டும். இது பில் போடுகிற கையா? படம் போடுவதில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட மயிலை ஹெட்மாஸ்டர் சுவரில் மாட்டினார்.

மார்ச் 8

வீட்டில் சண்டை. பெட்டிக்குள் சூட்டை வாங்க ஒரு தகடு அடுக்கு இருக்கிறது, ஹீட்சிங்க்காம். அதற்கு முன்னால் ஒரு குட்டி ஃபேன், பின்னால் ஒன்று. காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போக வேண்டும் என்கிறான் என் மகன். ஜன்னல் பின்னால் இருக்கிறது, குளிர்காற்று அங்கிருந்துதான் வர வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் வீடியோ பார்த்தே மேதையானவர்கள். "மச்சான், உங்க ஸ்கூட்டர் புகையும் முன்பக்கமாத்தான் போகுதா?" என்று இவன் கேட்க, மாப்பிள்ளை சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிட்டார். கட்டினவரா, கூடப்பிறந்தவனா என்று மகள் முழிக்கிறாள். பேத்தி ஏதோ சொல்ல வந்தாள். பெரியவர்கள் பேசும்போது சும்மா இரு என்று அடக்கினேன்.

மார்ச் 9

தீர்ப்புச் சொன்னேன். முன் ஃபேன் மகன் சொன்னபடி, பின் ஃபேன் மாப்பிள்ளை சொன்னபடி. யாருக்கும் குறையில்லை. நீங்கள் மேலே படித்திருந்தால் ஜட்ஜுதான் என்றாள் எதிர்வீட்டம்மா. உண்மைதானே.

மார்ச் 14

கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது.

மார்ச் 15

மறுபடியும். படம் முடிகிற நேரம் பார்த்து. மகன் ஃபேனால் என்கிறார் மாப்பிள்ளை. மாப்பிள்ளை ஃபேனால் என்கிறான் மகன். கரண்ட் சரியில்லை என்றேன்.

மார்ச் 17

ஆண்கள் வேலைக்குப் போனதும் பேத்தி கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்தால் அடுப்படி அனல். பின்பக்க ஓட்டையில் ஒரு நூலைப் பிடிக்கச் சொன்னாள். வெளியே பறக்கவேண்டிய நூல் — சும்மா தொங்குது.

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து ஊதுது பாட்டி. சூடு எங்க போகும்?"

எனக்கென்ன தெரியும்? என் வயித்துக்குள்ளதான் போச்சு.

"அப்ப யாரு சொன்னதுடி தப்பு?"

"மாமா சொன்னதும் சரிதான், அப்பா சொன்னதும் சரிதான். ரெண்டு ஃபேனும் ஒரே பக்கமா ஊதணும், அவ்வளவுதான்."

அப்புறம்... மிச்சம் யாரு? ஒண்ணைத் திருப்பு, எதுன்னு என்கிட்டகூடச் சொல்லாதேன்னு எழுந்து போயிட்டேன்.

மார்ச் 19

அணையவில்லை. படத்தை அனுப்பிவிட்டாள்.

மார்ச் 27

வேலை கிடைத்துவிட்டது. எல்லாம் தன் ஃபேனால்தான் என்று மாப்பிள்ளை ஆபீசில் சொல்லியிருக்கிறார். மகனும் போகிற இடமெல்லாம் தன் ஃபேனால்தான் என்கிறான். பேத்தி மூடியைப் போட்டாள். ஸ்க்ரூவை நன்றாக இறுக்கச் சொன்னேன்.

எதிர்வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ தகராறாம். தீர்ப்புச் சொல்ல வரச் சொன்னார்கள். முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன்.