பெரியப்பா திறந்துவிடும் கேட்

ஆல்டர்கூம், எக்ஸ்மூர்
மார்ச் முதல் ஞாயிறு

அன்பு மகள் டாம்சினுக்கு அப்பா எழுதுவது. முதுகைத் தவிர மற்றபடி நான் நன்றாகவே இருக்கிறேன், நீயும் கடல் தாண்டி அந்த ஹோபார்ட் வெயிலில் தொப்பியை மறக்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன், உன் குதிரை ஜூனோ உயிரோடு இருக்கிறாள், இதை எழுதும்போது தொழுவத்தில் நின்றுகொண்டு வாளியைக் காலால் உதைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் பிரிச்சர்ட் அம்மா வருகிறார், முடிவு அன்றைக்குத்தான். அக்டோபரில் அவர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். மூட்டு இவ்வளவு கெட்டுப்போன குதிரை உறைபனிக் காலம் முழுக்கத் தொழுவத்திலேயே நின்றால் கால் பூட்டிக்கொள்ளும், கிறிஸ்துமஸுக்குள் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாது, அதனால் முதுகில் பாரம் இல்லாமல், மழையோ பனியோ, தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும், முடியாதென்றால் குளிர் வருவதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் கருணை என்றார். மார்ச்சில் வந்து கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்ப்பேன், கால் இழுத்தால் நானே முடிவு சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். நீயும் எனக்காகப் பார்க்க வேண்டாம் அப்பா, அவள் கஷ்டப்படக் கூடாது என்று எழுதிவிட்டாய். பதினான்கு வயதிலிருந்து நீ ஏறிய குதிரை, அந்த வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பார்த்தேன், என் நடைக்கு அவள் வழியிலேயே தூங்கிவிடுகிறாள். குதிரையின் நடைக்கு ஈடுகொடுக்க இன்னொரு குதிரை வேண்டும். யாரிடமும் கேட்பதில்லை என்பது உனக்குத் தெரிந்த என் குணம்தான், கேட்டுப் பட்டதெல்லாம் போதும். ஆனால் மறுநாள் காலையில் உன் பெரியம்மா ஜில், தன் குதிரை பெர்சி மேல் உட்கார்ந்துகொண்டு வாசலில் நிற்கிறாள். யார் சொன்னார்கள் அண்ணி என்று கேட்டேன். "உன் குதிரைக்கு மூட்டுவலின்னு ரொட்டி வண்டிக்காரனுக்கே தெரியும் வாத்தியாரே, பேசிட்டு நிக்காம கயித்தக் கொண்டா" என்றாள். உன் பெரியப்பா ரோலண்டுக்கும் எனக்கும் உன் தாத்தா செத்த நாளிலிருந்து பேச்சு கிடையாது. பண்ணை முழுவதையும் ரோலண்டுக்கு எழுதிவைத்துவிட்டு, படித்தவனுக்கு எதற்கு மண் என்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்த மனிதர் உன் தாத்தா. அது ஓடுவதும் இல்லை. அடக்கம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது, உனக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கே என்று ரோலண்ட் சொன்னதை நான் மறக்கவில்லை, அந்தப் பள்ளிக்கூடம் லத்தீன் பாடத்தையே எடுத்துவிட்டு என்னைப் பேருந்து வரிசையை ஒழுங்குபடுத்த நிறுத்திய கதை உனக்குத் தெரியும். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டிலிருந்து ஒருத்தி வந்து என் வாசலில் நின்றதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிய வேண்டும்.

நவம்பர் முழுக்க அவர்கள் பின்னாலேயே மலையடிவாரம் வரை நடந்து போனேன். டாம்சின், அறுபதைத் தாண்டிய அந்தப் பெண்பிள்ளை குளிர்காலத்தில் குதிரை ஏறுவதைப் போல நேர்த்தியான காரியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பந்தயம் இல்லை, பரிசு இல்லை, வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை, போய்விட்டு வருவது, அவ்வளவுதான். புறப்படும்முன் கடிவாளத்து இரும்பைத் தன் சட்டைக்குள் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே ஜூனோவின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பாள், சில்லென்ற இரும்பைக் குதிரையின் வாயில் வைக்க அவளுக்கு மனசு வராது, தன் கக்கம் சில்லிட்டால் பரவாயில்லை. மேலே அந்த ஆரஞ்சு நிற மின்னும் சட்டை, அதில் போன வருஷத்துச் சேறு. பெர்சி மேல் ஏறி, ஜூனோவைத் தன் இடப்பக்கம் வேலியோரமாகப் பிடித்துக்கொள்வாள், வருகிற வண்டிக்கும் கிழட்டுக் குதிரைக்கும் நடுவில் தானும் பெர்சியும் இருக்க வேண்டும் என்று. ஒதுங்கி நிற்கிற ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் இரண்டு விரலையாவது தூக்கி நன்றி சொல்லிவிட்டுத்தான் போவாள், இந்தப் பக்கத்தில் குதிரை மேல் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான், ஆனால் ஒருநாள் ரொட்டி வண்டிக்காரன் நிறுத்தாமல் போய்ப் பள்ளத்துத் தண்ணீரை அவள் இடுப்பு வரை அடித்துவிட்டான், அவனுக்கும் விரலைத் தூக்கினாள். அவனுக்கு எதற்கு அண்ணி என்று கேட்டேன். "நாளைக்கும் அவன் இந்த வழியாத்தான வரணும், நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டா குதிரைக்கா நல்லது?" என்றாள். நானாக இருந்தால் வண்டி எண்ணைக் குறித்துவைத்திருப்பேன். ஜூனோ முதலில் பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள், பார்க்கவே பாவமாக இருக்கும், பீச் மரவேலி முடிகிற இடத்தில் கால் இளகிக் காது நிமிர்ந்துவிடும், அதற்கப்புறம் பெர்சியை முந்தப் பார்ப்பாள்.

ஜனவரியில் அந்தப் பனி வந்தது. சாயங்காலம்தான் விழும் என்று வானொலியில் சொன்னார்கள், அவர்கள் மலை உச்சியில் இருக்கும்போதே கொட்ட ஆரம்பித்துவிட்டது. பனி வரும் என்று தெரிந்திருந்தால் அது ஒட்டாமலிருக்கக் குளம்புக்குள் கொழுப்புத் தடவித்தான் அனுப்புவோம், அன்றைக்குத் தடவவில்லை. லாடத்துக்குள் பனி அடைத்து அடைத்து இரண்டு குதிரையும் முக்காலி மேல் நிற்கிற மாதிரி ஆகிவிட்டன. அண்ணி இறங்கி ஒவ்வொரு குளம்பாகச் சுரண்டி எடுத்திருக்கிறாள், சுரண்டிய கால் நாலடி வைப்பதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டிருக்கிறது, ஜூனோ சறுக்கி அவள் மேல் சாய, இவள் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. வெகுநேரமாகக் காணோமே என்று நான் குளம்புக்குத் தடவ ஏதாவது கிடைக்குமா என்று சமையலறையில் தேடினேன், வெண்ணெய் இல்லை, கிறிஸ்துமஸ் வாத்தை வறுத்தபோது வடித்துவைத்த கொழுப்பு ஒரு சாடி இருந்தது, அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாதி வழியில் வருகிறாள், முறிந்த கையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, நல்ல கையில் இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாய்ந்து. பெர்சியை விட்டுவிட்டால் அவனே வீட்டுக்குப் போயிருப்பானே என்று கேட்டேன், "அவன் போனா ஜூனோ ஓடுவா, ஓடுனா விழுவா" என்றாள். நான் குனிந்து எட்டுக் குளம்புக்கும் கொழுப்பை அப்ப ஆரம்பித்தேன், மோந்து பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு வறுக்க வச்சிருந்ததா இது, கிளைவ்? குதிரைக்கே போட்டுட்டியே, உன்னப் போயி கஞ்சன்னு சொல்றாங்களே" என்றாள். எலும்பு முறிந்து நிற்கிறவள் சொல்கிற பேச்சா அது.

கையில் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஜூனோவை யார் நடத்துவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள். "பெர்சிக்கு எல்லாம் தெரியும், நீ சும்மா மேல உக்காந்து லத்தீன் சொல்லிட்டு வா, அவன் கூட்டிட்டு வந்து விட்டுருவான்." சின்ன வயதில் நானும் ஏறியவன்தான், எனக்கு எப்போதும் கழித்துவிட்ட குதிரைதான் கிடைக்கும், நல்லதெல்லாம் ரோலண்டுக்கு. கல்லூரிக்குப் போனபின் விட்டதை இந்த வயதில், இந்த முதுகோடு, உன் பெண்குதிரைக்காக மறுபடி தொடங்கினேன். ஏறுவதில்கூட எனக்குச் சிக்கலில்லை, அண்ணி பெர்சியை என் வாசலுக்கே கொண்டுவந்து நல்ல கையால் ஏற்றிவிடுவாள், சிக்கல் வழியில்தான். சாலையில் இப்போது பனி உருக உப்புக் கொட்டிக்கொண்டே லாரிகள் போகின்றன, அங்கே குதிரையைக் கொண்டுபோக முடியாது, மலைக்குப் போகிற ஒரே குதிரைப்பாதை ரோலண்டின் பண்ணை முற்றத்துக்குள்ளேதான் போகிறது. அங்கே அந்த கேட் இருக்கிறதே, கீல் சரிந்து, வைக்கோல் கட்டுகிற கயிற்றால் கட்டிப்போட்ட கேட். குதிரை மேல் இருந்தபடியே திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடி வைக்க வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகக் கவுன்சிலுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், பதில் கிடையாது, அதைத் தன் மேல் புகார் என்று எடுத்துக்கொண்டு ரோலண்ட் இன்னும் முறைத்துக்கொண்டான்.

முதல் நாள் காலை அந்த கேட் முன்னால் போய் நிற்கிறேன். வலக்கையில் பெர்சியின் கடிவாள வார், இடக்கையில் ஜூனோவின் கயிறு. இறங்கினால் மறுபடி ஏற்றிவிட ஆள் வேண்டும். ரோலண்ட் கொட்டகையிலிருந்து வந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றை அவிழ்த்துத் தூக்கித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கேட் திறந்துவிட்டவனுக்கு நன்றி சொல்லாமல் குதிரை மேல் போகிற ஒருவனை இந்த நாட்டில் நீ பார்த்திருக்கிறாயா. விரலைத் தூக்கலாம் என்றால் இரண்டு கையும் காலியில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். பதினோரு வருஷம் கழித்து நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை நன்றி என்பதை நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் என்ன சொன்னான் தெரியுமா, "குதிகால எறக்கு" என்றான். எட்டு வயதில் சொன்ன அதே குரல்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். நான் நன்றி என்பேன், அவன் எதையாவது சொல்வான். ஒருநாள் "பெர்சி தூங்குறான், நீயும் சேந்து தூங்காத." ஒருநாள் "முதுகு என்ன கேள்விக்குறியா?" போன வாரம் ஜூனோவின் பின்னங்காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "முந்தாநாளைக்கு இன்னிக்குத் தேவல" என்றான், அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தானா குதிரையைப் பார்த்தானா தெரியவில்லை. நான் எதையும் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உறைபனிக் காலையில் பெர்சியின் முதுகிலிருந்து வேலிக்கு மேலாகப் பார்த்தால் ஊரே வேறு மாதிரி இருக்கிறது, இரண்டு குதிரையின் மூச்சும் வெள்ளையாகக் கலந்து முன்னால் போகிறது, காலுக்கடியில் சேற்றின் மேல்தோடு நொறுங்குகிற சத்தம், உடம்புக்குள் எங்கோ ஒரு சூடு ஏறுகிறது. நீ பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருட்டோடு எழுந்து ஓடியதெல்லாம் இதற்குத்தானா என்று இப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நல்லபடியாக ஆகட்டும், பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

புதன்கிழமை. பிரிச்சர்ட் அம்மா வந்தார். என் முற்றம் பூராவும் சேறு, ஓடவிட்டுப் பார்க்கக் கெட்டித் தரை ரோலண்ட் முற்றத்தில்தான் இருக்கிறது என்று அண்ணி எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்விட்டாள். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஜூனோ அசையவே இல்லை. ரோலண்ட் பின்னால் வந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தான் பார், காதை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினாள், நான்தான் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. போகவும் வரவும் ஓடினோம். லாடம் கல்லில் விழுகிற சத்தம் நாலும் ஒரே சீராக விழுந்தது, அதைக் கேட்கத்தான் எல்லோரும் இத்தனை மாதம் காத்திருந்தோம். அந்த அம்மா ஜூனோவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா, இவரு மூச்சு வாங்குறதத்தான் யாராவது பாக்கணும்" என்றார். புல் வளர்கிற வரைக்கும் நடையை விட வேண்டாமாம், அண்ணியின் கைக்கு இன்னும் பிடி வராததால் அதுவரை நானே போக வேண்டும். அண்ணி திரும்பிக்கொண்டு வெகுநேரம் பெர்சியின் பிடரியைச் சீவினாள்.

இன்னொரு சங்கதி. நேற்றுச் சாயங்காலம் கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்து அந்த கேட்டை மாற்றிவிட்டார்கள். புதுக் கீல், புதுச் சட்டம், குதிரை மேல் இருந்தபடியே தள்ளுகிற மாதிரி தோளுயரத்துக்கு நீளமான இரும்புக் கைப்பிடி, நான் கேட்டது கேட்டபடியே. இத்தனை வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே காரியம், ராத்திரி அதற்காக ஒரு கோப்பை ஷெர்ரிகூட ஊற்றிக்கொண்டேன், ஆனால் சந்தோஷமாக இல்லை, ஏனென்று அப்போது விளங்கவில்லை. இன்று காலை பெர்சியும் ஜூனோவும் நானுமாக வளைவு திரும்பினால், ரோலண்ட் வழக்கமான இடத்தில் அந்தப் புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "ரொம்ப இறுக்கமா வச்சிட்டுப் போயிட்டானுங்க, உன்னால முடியாது" என்று சொல்லித் திறந்தான். நன்றி சொல்லிவிட்டு மலைக்குப் போனேன். திரும்பி வரும்போது அவன் ஆட்டுக்குத் தீனி போட மேலே போயிருந்தான், முற்றத்தில் யாரும் இல்லை. கயிற்றை இடக்கையிலேயே வைத்துக்கொண்டு சுண்டுவிரலால் கைப்பிடியைத் தொட்டேன். எண்ணெய் போட்ட மாதிரி திறந்துகொண்டது.

உன் அம்மா பாத் நகரத்திலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள், இப்போது அவளோடு இருக்கிற அந்த மனிதரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் பெயர் இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, மருத்துவமனையில் மற்றவர்களின் முறை வேலையையெல்லாம் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஜூனோவின் வால்மயிர் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கிறேன், அங்கே சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் சொல், அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதலாம். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், போகிற பாதையில் உனக்கு வழிவிட நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பெரியம்மாவிடமோ பெரியப்பாவிடமோ பேசும்போது கேட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், புதுக் கைப்பிடி ரொம்ப இறுக்கமாக இருக்கிறதாமே, அப்பாவால் திறக்கவே முடியவில்லையாமே என்று சொல்.

உன் நலமே நினைத்திருக்கும் அப்பா,
கிளைவ் சில்காட்