முகில்வேலியில் வெயில் காணாத வேனில்

திரு நிலைக்க. செம்பரல் நாட்டை அறம் வழுவாது ஆண்டருளும் கோப்பெருந்தேவி, ஏழு ஏரிக்குக் கரை கட்டிய செங்கதிர்மாதேவியாரின் திருவடிகளுக்கு, அவர்தம் தூதாகக் குடதிசை எல்லை கடந்து முகில்வேலி நாட்டில் தங்கியிருக்கும் பொற்றொடி வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரும் குடிகளும் ஆநிரையும் நலமே வாழ்க. இளவரசி எழில்நங்கையார் நலம். இந்தச் சொல்லைப் படித்து மூச்சு விட்டுக்கொண்ட பின்பே தேவியார் மேலே படிக்க வேண்டுகிறாள்.

மணமாகி வந்த ஐந்தாம் திங்களில் இளவரசியார் விடுத்த ஓலையில், நாற்பது நாளாக ஞாயிற்றைக் காணவில்லை, முகம் கொடுத்துப் பேசுவாரும் இல்லை, அழைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரியே இருந்தன. அதைக் கண்ட தேவியார் பல்லக்கையும் முந்நூறு வேலாரையும் கணவாய்க்கு அனுப்பி, அமாவாசைக்குள் பொற்றொடியின் சொல் வராவிடில் உட்புகுந்து மகளை மீட்டு வருக என்று ஆணையிட்டார். அந்த முந்நூறு வேலும் பகல் இரவு எந்நேரமும் தன் முதுகில் உறுத்தவே அவள் இந்நாட்டுக்குள் நடந்தாள்.

வேனிலின் உச்சியில் வந்தவளை மழை எல்லையிலேயே பிடித்துக்கொண்டது. இடியுமில்லை, மின்னலுமில்லை, வேறு வேலையே இல்லாதது போலப் பெய்தது. இந்நாட்டார் அனைவரும் ஒரே வானின் கீழ் வாழ்ந்தும் அதைப் பற்றி ஒருமனப்படுவதில்லை. வடசரிவார், தென்சரிவில் நேற்று நான்கு நாழிகை வெயில் அடித்ததாம், நமக்கு ஒரு சொல் சொன்னார்களா என்று மனம் புழுங்குகின்றனர். தென்சரிவார், அது வெயிலா, மேகத்துக்குப் பின்னால் யாரோ விளக்கை எடுத்துப் போனார்கள் என்கின்றனர். கடற்கரையாரோ ஆடை பிழிந்தபடியே, இது மழை அன்று, வெறும் ஈரக்காற்று என்று சாதிக்கின்றனர். வழியில் எதிர்ப்பட்டவர் எவரும் நலமா என்று கேட்கவில்லை. இன்றும் இப்படியா என்றார் ஒருவர்; நாளையும் இப்படித்தான் என்றார் மற்றவர்; இருவரும் மனநிறைவோடு பிரிந்தனர். அதன் பொருள் பொற்றொடிக்கு அப்போது விளங்கவில்லை.

இளவரசியாரைக் கண்டபோது அவர் மெலிந்திருந்தார்; நடந்ததை அவருடைய பணிப்பெண்ணே சொன்னாள். வந்த முதல் நாளே பேரவையில் நம் நாட்டு வழக்கப்படி, மாதம் மும்மாரி பொழிக என்று குடிகளை வாழ்த்தினாராம். வந்த மருமகள் வாயைத் திறந்ததும் சாபமா என்று மூத்த அரசி தாழங்கண்ணியார் கேட்டது அவர் காதிலும் விழுந்ததாம். அன்று முதல் எல்லோரும் மழையை ஏசும் போதெல்லாம் இவர் மட்டும் தலைகுனிந்து இருந்தார்; அவர்கள் அதைச் செருக்கு என்று கொண்டனர்.

அது செருக்கன்று என்பதைப் பொற்றொடி தன் உள்ளத்தைக் கொண்டே அறிந்தாள். மூன்றாம் நாள், உலராத ஆடையை உடுத்தும்போது அவளுக்கு மழையின் மேல் ஒரு வெறுப்பு எழுந்தது. எழுந்த உடனே, கோயிலில் காறி உமிழ்ந்தவள் போல அவள் கூசினாள். மழையைப் பழித்தால் நா அழுகும் என்று சொல்லித்தானே நாம் அந்தப் பெண்ணை வளர்த்தோம், தேவி? அவரை வாட்டியது ஈரம் அன்று. ஊரார் அனைவரும் ஏசி ஆறுகின்ற ஒன்றை, ஏசவும் முடியாமல் போற்றவும் முடியாமல் தனியே விழுங்கிக்கொண்டிருந்ததுதான்.

ஐந்தாம் நாள் தேவியாரின் திருமுகத்தை அவையில் படிக்க வேண்டியதாயிற்று. அதன் தொடக்கத்தைத் தாண்டிப் போகவோ திருத்தவோ தூதுக்கு உரிமையில்லை. மும்மாரி பொழிக என்று படித்தாள். கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. பெய்கிற முந்நூறு மாரி போதாதென்று சம்பந்தியம்மாள் மேலும் மூன்று அனுப்புகிறார்களோ என்றார் தாழங்கண்ணியார். இளவரசியாரின் கணவர் வேள் நெடுங்கோ, மனைவியின் முகத்தைப் பார்க்கவும் அஞ்சி நின்றார்.

அப்போது இளவரசியார் எழுந்தார். ஆடையின் ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. அத்தை, எங்கள் ஊரில் மழை விருந்தாளி. ஆண்டுக்கு இருமுறை வருவார், வாசலில் நின்று வரவேற்போம், அதனால்தான் அம்மா அப்படி எழுதுகிறார். உங்கள் ஊரில் அவர் வீட்டோடு மாப்பிள்ளை, தின்று, தூங்கி, சுவரெல்லாம் பாசி பிடிக்க வைத்தும் எழுந்து போங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை என்றார். சொல்லி முடித்ததும் தன் நாவைச் சோதிப்பவர் போல அதன் நுனியைக் கடித்துப் பார்த்தார்.

முதலில் சிரித்தவர் தாழங்கண்ணியார். சிரித்துச் சிரித்து இருமி, இத்தனை நாளாக இந்தப் பேச்சை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய் என்று மருமகளைத் தம் இருக்கையருகே இழுத்து அமர்த்தினார். பிறகு இருவரும் உச்சிப்பொழுது வரை வானத்தைத் திட்டினார்கள். வடசரிவா தென்சரிவா எது கொடியது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

ஊர் திரும்பலாமா என்று அன்று மாலை பொற்றொடி தனியே கேட்டாள். ஆம் என்ற விடையைத் தன் மனத்தின் ஒரு மூலை விரும்பியதையும் அவள் மறைக்கவில்லை. அந்தப் பெண் இல்லாத நம் அரண்மனை அவளுக்கும் வெறிச்சென்றே இருக்கிறது. இளவரசியார் சாளரத்தருகே போய் வானத்தைப் பார்த்து, நாளைக்கும் பெய்யும் என்றார். அக்குரலில் துயரம் இல்லை, சலிப்பே இருந்தது. இருக்கப்போகிறவர்களுக்கே வரும் சலிப்பு அது. பொற்றொடியின் முதுகில் உறுத்திய முந்நூறு வேலும் அந்நேரம் இறங்கின.

ஆதலால் தேவியார் அளித்த மோதிரத்தின் உரிமையால் அவள் விடுத்த ஆணை: வேலார் தலைவன் இவ்வோலை கண்ட அப்பொழுதே பல்லக்கை வெறுமையாகத் திருப்புக, ஒரு வேலும் கணவாய் தாண்டற்க. தேவியாருக்கு விண்ணப்பம்: இனி இந்நாட்டுக்கு எழுதும் திருமுகங்களில் வெயில் வளர்க என்று தொடங்கப் பணிக்க. இங்கு எதுவும் உலராமையால் சுண்டைவற்றலும் மணத்தக்காளி வற்றலும் நான்கு பெட்டி அனுப்புக. சம்பந்தியம்மாளுக்கு ஒரு பெட்டி தனியே கட்டுக.

இது ஆனித் திங்களில், ஞாயிறு தோன்றாமையால் கணியரும் நாழிகை சொல்லமாட்டாத ஒரு பொழுதில் எழுதப்பட்டது. முத்திரை மண் இரண்டு நாள் அடுப்பருகே வைத்தும் உலரவில்லை. அமாவாசை நெருங்குவதால் ஈரத்தோடே ஓலை புறப்படுகிறது. மோதிரப் பதிவுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு பெருவிரல் பதிந்திருப்பதைத் தேவியார் காண்பார். வழியில் நேர்ந்த பிழை அன்று அது. மகளே வந்து அழுத்தினார்.