சாப்பாட்டு வரிசையில் உங்கள் பாட்டு

என்ர செல்ல அண்ணைக்கு,

நீங்கள் கடைசியாகப் பாடிவைத்துவிட்டுப் போன பாட்டுகள் இசைத்தட்டாக வந்துவிட்டன. நீங்கள் ஆசைப்பட்ட அதே பெரிய கறுப்புத் தட்டு. அட்டையில் கவ்பாய்த் தொப்பியோடு, எங்கள் டென்மார்க் ஊர் பிராண்டேயின் மழையில் நிற்கிறீர்கள். "தொப்பி வேண்டாமெண்டு சொன்னனான், கேட்டவரே?" என்று அண்ணி இன்னும் புறுபுறுக்கிறா. அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியதும் அவதான்.

பகலில் காற்றாலைத் தொழிற்சாலை, சனிக்கிழமைகளில் கராஜுக்குள் ஒலிப்பதிவு. நீங்கள் கிற்றார், நான் டிரம்ஸ். முதலில் கசட், பிறகு சீடி, இப்போது இந்தத் தட்டு. தமிழில் ராக்கும் கன்ட்ரியும் பாடச் சொல்லி உங்களை யார் கேட்டது? எங்கள் ஆட்கள் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். டேனிஷ்காரர் சித்தார் எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, விடியற்காலையில் தனியே காரோட்டி வேலைக்குப் போகிறவனைப் பற்றிப் பாடினீர்கள்.

அந்தப் பாட்டின் கதி நினைவிருக்கிறதா? கலியாணமோ பிறந்தநாளோ, சினிமாப் பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு இடம். சாப்பாடு திறக்கும் நேரமும் அதுவே. கிற்றாரின் முதல் மீட்டல் கேட்டால் மண்டபமே எழும்பி வரிசையில் நிற்கும். பிள்ளைகள் அதற்குச் சாப்பாட்டுப் பாட்டு என்றே பெயர் வைத்தார்கள். மேடையில் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். காரில் திரும்பும்போது மட்டும், "ஒருக்காலெண்டாலும் என்ர பாட்டை இருந்து கேக்கமாட்டினமோ, தங்கச்சி?" என்பீர்கள்.

போன சனிக்கிழமை வெளியீட்டு விழா. இந்த முறையாவது சனம் இருந்து கேட்கட்டும் என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "பாட்டு முடியுமட்டும் சட்டி திறக்கக்கூடாது." "ஓம், ஓம்" என்றா. தட்டில் அந்தப் பாட்டைப் போட்டோம்; கூடவே அடிக்க நான் டிரம்ஸில் இருந்தேன். கிற்றார் கேட்டதுதான் தாமதம், அத்தனை கதிரையும் இழுபட்டது. மூடிக் கிடந்த சட்டிகளுக்கு முன்னால் வெறும் சாப்பாட்டுக் கோப்பைகளோடு ஒரு வரிசை. எனக்கு வந்த கோபத்துக்கு டிரம்ஸ் தடியை எறிந்திருப்பேன்.

அப்போது அந்த வரிசை பாடத் தொடங்கியது, அண்ணை. முதலில் உங்களோடு வேலை செய்த சிவம் அண்ணை. பிறகு மாமிமார். பிறகு, தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் எங்கள் பிள்ளைகள். ஒரு சொல் பிசகவில்லை. இத்தனை காலமும் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அண்ணி ஆட்டுக்கறிச் சட்டி மூடியில் கரண்டியால் தாளம் போட்டா. நான் அழுதழுது சிரித்துக்கொண்டு டிரம்ஸ் அடித்தேன். பாட்டு முடிந்தும் ஒருவரும் கோப்பையை நீட்டவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ" என்றார்கள்.

உங்களுக்குக் கேட்டதா?

வாற மாதம் ஓகூஸ் நகரில் ஒரு கலியாணத்துக்கு வாசிக்கப் போகிறோம். உங்கள் பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கு மாற்றுவோமா என்று இசைக்குழுவில் கேட்கிறார்கள், மரியாதைக்காம். விடமாட்டேன். என் கையில் தடி இருக்கும்வரை, சாப்பாடு திறக்கும்போதுதான் அந்தப் பாட்டு.

உங்கட டிரம்ஸ்காரத் தங்கச்சி