நாலாவது டிராக்கில் அம்மா

நகரி
கார்த்திகை, 1996

அன்பு மகன் சுரேஷ்பாபுவுக்கு நைனா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துத்தான் மேலே எழுதுகிறேன். தங்கை ரேகா கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, போன தடவை வந்தபோது பதிந்து வைத்த பாட்டில் அம்மா குரலையும் சேர்த்து மண்டபத்தில் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மா உன் ரிக்கார்டர் பக்கமே போகவில்லை, மவன் வர்லன்னா பாட்டு எதுக்கு என்று ஒரே பிடிவாதம், நான்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

தெருவெல்லாம் பவர்லூம் சத்தம், கரண்ட் போனால் தறி நிற்கும், அப்போது பதியலாம் என்று நானும் பெரிய புத்திசாலி மாதிரி காத்திருந்தேன். கரண்ட் போனது, தறி நின்றது, ரிக்கார்டரும் நின்றது. ரேகா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. கடைசியில் நேற்று அமாவாசை, தறிக்கு லீவு, மலைமேல் மேகம் இறங்கித் தெருவே பகலில் தூங்குகிற மாதிரி கிடந்தது. ஆர்மோனியம், தபலா, உன் குரல் என்று மூன்று டிராக்கை நிரப்பி நாலாவதைக் காலியாக விட்டிருந்தாய் அல்லவா, ரேகா அதற்கு மட்டும் சிவப்புப் பட்டனை அமுக்கி அம்மா காதில் ஹெட்போனை மாட்டினாள். நீ பாடுவது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள், வெள்ளை நூலில் சாயம் ஏறுவதுபோல முகம் மெல்ல மாறியது. பாடுவாள் என்று பார்த்தால், ஆரம்பத்தில் நீ இருமியிருப்பாய் போல, சளி புட்ச்சிகினு கீதாடா என்று கேட்டாள். பிறகு நீ மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் துன்னியா, எளச்சிட்டியாடா என்று கேள்விதான், ஒரு வரி பாடவில்லை. கடைசியாகக் கல்யாணத்துக்கு வருவியாடா என்றாள். பாட்டு முடிந்து டேப் சும்மா சுற்றியது. போதும் கழற்று என்று கையை நீட்டினேன், சத்தம் போடாத, சொல்லப் போறான் என்று தட்டிவிட்டாள்.

அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்றாள் ரேகா, நான் விடவில்லை. மண்டபத்திலும் போட மாட்டேன். தங்கை கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டும், அதற்குக் கேசட் உதவாது. வெட்கப்படாமல் மேனேஜரிடம் இன்னொரு தரம் கேள். திருப்பதிப் பெருமாள் உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, வருவதானால் அம்மா பெயருக்கு எழுது. இல்லையென்றால் என் பெயருக்கு எழுது, நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் நைனா
வேதாச்சலம்